கேட்டுக்கொண்டிருப்பவர்கள்

அடுத்த அறையில் யாரோ இருமினார்கள்.

பருப்புக் கஞ்சியில் தோய்த்த ரொட்டித் துண்டு வாய்க்குப் பாதி வழியில் நிற்க, துர்முஷ் காதைத் தீட்டிக்கொண்டான். மதியம் சாய்ந்துகொண்டிருந்த நேரம். கீழே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியிருந்தது. லெபனான் மலையில் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். காலையில் கடல் வரைக்கும் பளிச்சென்று தெரியும். மதியத்துக்கு மேல் பனி கிளம்பி, வெட்டுக்கிளி தின்று மொட்டையாக நிற்கும் மல்பெரி மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே வந்து, சாத்திய கதவின் அடியிலும் ஜன்னல் பலகை இடுக்கிலும் நுழைந்து, வீட்டுக்குள் ஈரக் கம்பளி நாற்றத்தைப் பரப்பிவிட்டுச் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் ஊர்ச் சத்தம் எதுவும் இந்த வீட்டுக்கு வராது. நாய் குரைப்பதுகூட வராது. நாய்களை எல்லாம் ஊர் எப்போதோ தின்று தீர்த்திருந்தது.

மறுபடி இருமல். வறட்டு இருமல். ஒருமுறை இருமி, கொஞ்சம் இடைவெளி விட்டு, பிறகு தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம், சபையில் பேச எழுந்தவர் செருமிக்கொள்வதுபோல.

அந்த இருமலை அவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விடியலில், பெய்ரூத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வக்கீல் ஒருவர், சதுக்கத்தில் மூன்று கழிகளைக் கூட்டி நிறுத்திய தூக்குமரத்தின் கீழே, ஸ்டூல்மேல் நின்றுகொண்டு அப்படித்தான் இருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று துர்முஷ் காத்திருந்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துர்முஷ் ஸ்டூலை உதைத்தான்.

கஞ்சி ஆறி ஆடை படியும்வரை அவன் அசையவில்லை. பிறகு எழுந்துபோய்க் கதவைத் தள்ளினான். அது இந்த வீட்டின் வரவேற்பு அறை. மூன்று சுவர்களையும் ஒட்டித் தாழ்வான பலகை ஆசனம், அதன்மேல் வரிசையாகச் சிவப்பு மெத்தைகள். யாரும் இல்லை. பனி மட்டும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஜன்னலோரத்து மெத்தை ஒன்றின் நடுவில் மட்டும் ஒரு குழி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பஞ்சு மெல்ல மெல்ல மேலெழும்பி, குழி தூர்ந்தது.

துர்முஷ் இந்த மலைக்காரன் அல்ல. மெர்சின் துறைமுகத்தில் பஞ்சு மூட்டைகளைப் படகில் அடுக்கிக் கட்டுகிற துருக்கியன். அவனுக்கு முன் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தொட்டிலோடு போய்விட்டதால், இவனாவது நிற்கட்டும் என்று அம்மா வைத்த பெயர் அது. துர்முஷ் என்றால் நின்றுவிட்டவன். 1914-இல் யுத்தம் வந்ததும் பிடித்துச் சுல்தானின் பட்டாளத்தில் போட்டார்கள். சுல்தானின் ஆட்சிக்கு எதிரானவர்களை விசாரிக்க ராணுவ நீதிமன்றம் இந்த மலை ஊரில் வந்து உட்கார்ந்தபோது அதற்குக் காவல் நிற்கும் சிப்பாயாக வந்தான். அங்கிருந்த தூக்குக்காரன் விஷக்காய்ச்சலில் செத்துப்போனான். மறுநாள் அணிவகுப்பில் சார்ஜன்ட் ஹைரி வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

"டேய், மூட்டை கட்டறவனே. உனக்கு முடிச்சுப் போடத் தெரியும்ல? வா இங்க."

அவ்வளவுதான் நடந்தது. முதல் தூக்கு முடிந்து அவன் சாப்பாட்டுச் சட்டியின் முன் உட்கார்ந்தபோது, ஒரே சட்டியில் கரண்டி விட்டுத் தின்னும் கூட்டாளிகள் பசியில்லை என்று ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். அந்தக் குளிர்காலத்தில் பசியில்லாத சிப்பாய் யார் இருந்தான்? பக்கத்தில் படுப்பவன் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப்போனான். அவனுக்கு அடுத்தவனும் போனான். கொட்டகையில் துர்முஷைச் சுற்றி வெறும் தரை அகலமாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஹைரி வந்து, "பசங்க தூங்க மாட்டேங்கறானுங்கடா, நான் என்ன பண்ண? மேல ஒரு வீடு காலியா இருக்கு. போய் ராஜா மாதிரி இரு" என்றார். குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்ட ஒரு பட்டு வியாபாரியின் வீடு அது. ஊர் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்துத் தனியாக நின்றது.

கடலை எதிரிக் கப்பல்கள் அடைத்திருந்தன. வயலை வெட்டுக்கிளி முடித்திருந்தது. மிச்சத்தைப் படை வாங்கிக்கொண்டது. கீழே ஜனங்கள் புல்லை வேகவைத்தும், சாணியில் கிடக்கும் பார்லி மணிகளைப் பொறுக்கியும் தின்றார்கள். துர்முஷுக்கு மட்டும் ரேஷன் தவறாமல் வந்தது. தனக்கு மிஞ்சியதை அவன் வாசற்படியில் ஒரு கூடையில் வைத்தான். காலையில் பார்த்தால் ரொட்டி அப்படியே இருக்கும், பனியில் ஊறி. கீழே பாதையில் பசியில் வயிறு ஒட்டிய பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். ஒருத்திகூடப் படி ஏறவில்லை.

முதன்முதலில் அந்தக் கூடையில் கைவைத்தவன் நக்லே, ஊர் நாவிதன். ஒரு காலை நேரத்தில் கதவைத் தட்டினான்.

"எஃபெந்தி, படியில ஒரு ரொட்டி கிடக்கு. வழி தவறி வந்துருச்சா, இல்ல உங்களுதா?"

"என்னுதுதான். எடுத்துக்கோ." துறைமுகத்தில் கற்ற அரபு துர்முஷின் வாயில் துருப்பிடித்திருந்தது.

"சும்மா எடுத்துட்டுப் போனா என் பொண்டாட்டி வர்தே வீட்டுக்குள்ள விடமாட்டா. உக்காருங்க, சவரம் பண்ணி விட்டுடறேன். தாடியப் பாத்தா மழைக்கு ஒதுங்கின ஆடு மாதிரி இருக்கு."

துர்முஷ் உட்காரவில்லை. "நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியாம என்ன? நீங்களும் கழுத்துக்காரரு, நானும் கழுத்துக்காரன். கழுத்துக்கு மேல இருக்கறது எல்லாம் என்னுது. கீழ…" முடிக்காமல் சிரித்துக்கொண்டே பையைப் பிரித்தான். "போன வருஷம் ஒரு கூட்டம் வந்துச்சு பாருங்க, வெட்டுக்கிளி. மலைக்கே மொட்டை போட்டுட்டுப் போயிடுச்சு. அப்படி ஒரு சுத்தமான வேலை என் அப்பன்கூடச் செஞ்சதில்ல. கூலியும் கேக்கல."

துர்முஷுக்குச் சிரிப்பு வந்தது. தன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். மாதக்கணக்கில் அவனை யாரும் தொட்டதில்லை. சவரம் முடியும்போது அவன் கண் கலங்கியிருந்தது. சோப்பு எரியுது என்றான்.

பிறகு வாரா வாரம் நக்லே வந்தான். சீக்கிரமே எஃபெந்தி என்ற மரியாதை போய் அண்ணே வந்தது. கைக்குழந்தைக்குப் பல் முளைத்ததை, வர்தேயின் நாக்கை, ஊர்ப் பெரிய மனிதர்களின் வழுக்கையை எல்லாம் சொல்லுவான். ரொட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போவான். அவன் போன பிறகு வீடு முன்னைவிட வெறிச்சோடிக் கிடக்கும். துர்முஷ் ஜன்னலில் நின்று அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கத் தொடங்குவான். மதியம் திரும்பும். பனி ஏறும்.

பனியோடு அந்த அறைச் சத்தங்களும் ஏறின. இருமலுக்குப் பிறகு ஒரு நாள் பலகை முனகியது, கனத்த ஆள் உட்கார்ந்ததுபோல. இன்னொரு நாள் வெறுங்கால்கள் கல் தரையில் ஒட்டி ஒட்டி நடக்கும் ஓசை, சுவரோரமாகவே போய் ஓரிடத்தில் நின்றது. துர்முஷ் அந்தக் கதவை மூடிவைத்தான். சமையலறையில் அடுப்பை மூட்டி முதுகைச் சூட்டுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டான். காற்று என்றான். எலி என்றான். இந்த மலையில் எலி மிச்சமில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பட்டாளத்திலிருந்து ஓடிப்போய்ப் பிடிபட்ட அண்ணன் தம்பி இருவரைத் தூக்கிலிட்ட நாள். அன்று பனி வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இருந்தும் ஒன்றும் தெரியாத வெள்ளை. கறந்து வைத்த பாலுக்குள் வீட்டை இறக்கினதுபோல. சமையலறைச் சுவர்கள் வியர்த்தன. அடுப்புக் கரி ஈரத்தில் உஸ்ஸென்று அடங்கிக்கொண்டே வந்தது. அப்போது அந்த மூடிய கதவு, தாழ்ப்பாள் கிளிக்கென்ற சத்தத்தோடு, ஒரு சாண் திறந்தது.

போகாதே என்று நினைத்தான். கால் போனது.

அறை முழுக்கப் பனி. அதற்குள் பனியைவிடக் கொஞ்சம் கெட்டியான வெள்ளை. ஜன்னலோரம் ஒன்று. எதிர்ச் சுவரில் இரண்டு, பக்கம் பக்கமாக. அப்பால் இன்னும். தூக்குக்கு முன்னால் அவன் தன் கையாலேயே மாட்டிவிடும் நீள வெள்ளைச் சட்டைகள். மடியில் மடித்து வைத்த கைகள். எல்லோருடைய தலையும் ஒரே பக்கமாக, தோளில் படுகிற அளவுக்குச் சாய்ந்திருந்தது.

துர்முஷ் ஓடினான்.

பாதையில் விழுந்து, எழுந்து, முழங்கால் சிராய்த்துக்கொண்டு, கொட்டகை வாசலுக்கு வந்து நின்றான். உள்ளே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சிப்பாய்கள் யாரையோ கேலிபண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒருவன் ரொட்டியை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அடுப்பின் சூடு வாசல்வரை வந்து அவன் முகத்தில் பட்டது. அவன் நின்றான். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ மெல்ல எழுந்து வந்து கதவைச் சாத்தினார்கள். ஓசைப்படாமல், மரியாதையாக.

வெளியே சுவரில் சாய்ந்து நடுங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றானோ. உள்ளே சிரிப்பு மறுபடி தொடங்கியது. அதைக் கேட்டதும் அவன் திரும்பி நடந்தான். மேலே, பனிக்குள், வீட்டுக்கு.

அவர்கள் அப்படியே இருந்தார்கள்.

துர்முஷ் அந்த அறையின் வாசல்படியில் குந்தினான். பற்கள் கிட்டின. ஓடுவதற்கு இடமில்லாத மனிதன் செய்வதைத்தான் அவன் செய்தான். வாய்க்கு வந்ததைப் பேசினான். "குளிருதா?" என்றான் முதலில். "எங்க ஊர்ல இவ்வளவு குளிராது" என்றான். பிறகு மெர்சினைப் பற்றிச் சொன்னான். பஞ்சு மூட்டையின் புழுக்க வாசனை, விடியலில் படகுகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம், அவன் திரும்பி வருவான் என்று தெருமுனையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தே செத்துப்போன அம்மா. சொல்லச் சொல்ல நடுக்கம் குறைந்தது. சாய்ந்த தலைகளை நிமிர்ந்து பார்த்தான். பிரியமாகக் கதை கேட்கிறவர்கள் அப்படித்தானே தலை சாய்த்துக் கேட்பார்கள்?

பனி கீழே இறங்கிப்போனபோது அவர்களும் இல்லை. மெத்தைகளில் குழிகள் மட்டும் இருந்து, மெல்லத் தூர்ந்தன.

அதன்பின் தினமும் பேசினான். வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓர் இடம் நிரம்பியது. அவன் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பனி வராத வெயில் நாள்களில் அந்த வெறும் மெத்தைகளைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றுதான் குறை. அவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நக்லேயிடம் அதைச் சொன்னது ஒரு காலைச் சவரத்தின்போது. கத்தி கன்னத்தில் நின்றது.

"யாரு வர்றாங்க?"

"அவங்கதான். நான் அனுப்பினவங்க."

நக்லே சிரிக்கப் பார்த்தான். திறந்திருந்த கதவு வழியாக வரவேற்பு அறையின் மெத்தைகள் தெரிந்தன. அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கத்தியைத் துணியில் துடைத்து மடக்கினான்.

"அண்ணே, சொன்னாக் கேளுங்க. இந்த வீடு வேணாம். பட்டாளத்தோட போய்ப் படுங்க."

"அங்க யாரும் எங்கூடப் பேச மாட்டாங்க."

"இங்க பேசறாங்களா?"

"இல்ல. கேக்கறாங்க."

நக்லே பையைக் கட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "நானும் கெளம்பறேன் அண்ணே" என்றான். "மலைக்கு அந்தப் பக்கம் ஹௌரான்ல கோதுமை கிடைக்குதாம். வர்தேயோட அக்கா அங்க இருக்கா. கணவாயில பனி உருகுது, ஒரு கோவேறு கழுதைக் கூட்டம் போகுது, கூடப் போயிடலாம்னு. இங்க இருந்தா புள்ள பொழைக்காது. உங்க ரொட்டி இல்லேன்னா இந்நேரம்…" பையின் வாயை இழுத்து இறுக்கினான். "எங்க போனாலும் உங்கள மறக்க மாட்டேன். சத்தியமா."

"எப்போ?"

"அடுத்த வாரம்."

"அப்போ என் சவரம்?"

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து நக்லே சிரித்தான். "கத்தி ஒண்ணு விட்டுட்டுப் போறேன், நீங்களே பண்ணிக்குங்க. காதை மட்டும் பாத்துக்குங்க, அது மறுபடி முளைக்காது."

அவன் படியிறங்கிப் போவதை துர்முஷ் ஜன்னலில் நின்று பார்த்தான். அன்று மதியம் அறையில் எல்லோரும் இருந்தார்கள். அவன் பேசவில்லை. வக்கீலுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு வாயாடி இருந்தால். இந்த ஊமைக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒருவன், கழுத்தைப் பற்றி, வெட்டுக்கிளியைப் பற்றி, பொண்டாட்டியைப் பற்றி. தினமும். எங்கேயும் போகாமல்.

மறுநாள் ரேஷன் வாங்கப் போனபோது ஹைரி எரிச்சலில் இருந்தார். கடலில் நிற்கும் எதிரிக் கப்பலுக்கு மலையிலிருந்து யாரோ சைகை காட்டுகிறார்கள் என்று கேப்டன் அவரைப் பிடித்துக் காய்ச்சியிருந்தார். ஆள் வேண்டும், இந்த வாரமே வேண்டும்.

"எவன்னு நான் கண்டேன்? இந்த ஊர்ல நிக்கவே தெம்பில்ல, சைகை காட்டறானாம்."

மாவுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு துர்முஷ் திரும்பினான். இரண்டடி நடந்தான். நின்றான். சொல்லப்போவது அவன் நாக்கில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"நாவிதன் கடைக் கண்ணாடியப் பாத்தீங்களா? மரத்துல கடலப் பாத்துல்ல மாட்டியிருக்கான். மதியத்துல பளிச் பளிச்னு அடிக்குது."

ஹைரி அவனை ஏறிட்டுப் பார்த்தார். பல மாதங்களில் பட்டாளத்தில் அவன் முகத்தை ஒருவர் அத்தனை நேரம் பார்த்தது அப்போதுதான்.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி இருந்தது, கடல் இருந்தது, ஊரைவிட்டுப் போக நக்லே கழுதையும் பேசி வைத்திருந்தான். நீதிமன்றத்துக்கு அது போதுமாக இருந்தது.

விடியலில் அவனைச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சட்டை அவன் உடம்புக்கு மிகப் பெரிது. குளிரில் அதற்குள் குச்சிபோல ஆடிக்கொண்டு வந்தான். கண் யாரையோ தேடியது. துர்முஷைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"நீங்களா அண்ணே? அப்போ சரி." மூச்சு வாங்கியது. "கண்ணாடியாம்ணே. வெயில்ல கண்ணாடி மின்னாம வேற என்ன பண்ணும்? நீங்களாவது சொல்லக் கூடாதா?"

துர்முஷ் அவனை ஸ்டூல்மேல் ஏற்றினான். கயிற்றை மாட்டினான். முடிச்சை இடது காதுக்கடியில் இறுக்கினான். நக்லேயின் கழுத்து நரம்பு அவன் விரலடியில் குருவிக் குஞ்சுபோலத் துடித்தது. சிப்பாய்கள் தள்ளி நின்றார்கள், யாருக்கும் கேட்காது. துர்முஷ் அவன் காதருகே குனிந்தான்.

"மதியம் வீட்டுக்கு வந்துடு" என்றான். "உனக்கு இடம் வச்சிருக்கேன்."

நக்லே தலையைத் திருப்பினான். கயிறு விட்ட அளவுக்குத் திருப்பி, துர்முஷின் கண்ணைப் பார்த்தான். முதலில் ஒன்றும் புரியாத பார்வை. பிறகு புரிந்தது. அது அந்தக் கண்ணுக்குள் புரிந்துகொண்டே வருவதை துர்முஷ் பார்த்தான். நக்லே வாயைத் திறந்தான்.

அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்க துர்முஷுக்குத் தைரியம் வரவில்லை. காலை வீசினான்.

நண்பகலில் கதவு தட்டப்பட்டது. எழுந்துபோய்த் திறந்தான். வெயில். படியில் ஒரு பெண், இடுப்பில் கந்தலில் சுற்றிய குழந்தை. கன்ன எலும்பும் கண்ணும்தான் முகம். அவளை அவன் பார்த்ததில்லை. ஆனால் யாரென்று தெரிந்தது.

"நான் வர்தே. நக்லே வீட்டுக்காரி." உதடு வெடித்திருந்தது. "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மேல அண்ணன் வீட்டுக்குப் போன்னு சொல்லியிருக்காரு. கழுதைக்காரங்க சாயங்காலம் கெளம்பறாங்க. வழிக்கு ஏதாவது…"

அவன் உள்ளே போய் இருந்த ரொட்டியையெல்லாம், மாவுப் பையோடு கொண்டுவந்து கொடுத்தான். அவள் அழவில்லை. அழத் தண்ணீர் இல்லை.

"கூட நீங்க நின்னீங்களாமே. தெரியாதவன் கை படாம, உங்க கையாலயே. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு அண்ணே."

குனிந்து அவன் வலது கையைப் பிடித்து முத்தமிட்டாள். குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. கீழ் ஈறில் இரண்டு பல். அவள் படியிறங்கி, பாதையில் இறங்கி, சிறுத்து, திருப்பத்தில் மறைந்தாள். அவள் மறைந்த இடத்தில் பனியின் முதல் நாக்கு மேலே எட்டிப் பார்த்தது.

துர்முஷ் அறைக்குள் வந்து, எப்போதும்போல வாசலுக்கு முதுகு காட்டிக் குந்தினான். முத்தமிட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். பனி வந்தது. மரங்கள் போயின. ஜன்னல் போனது. எதிர்ச் சுவர் மங்கி, மங்கிய இடத்தில் வெள்ளைச் சட்டைகள் கெட்டிப்பட்டன. வக்கீல். அண்ணனும் தம்பியும். மற்றவர்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள்.

வக்கீலுக்குப் பக்கத்து மெத்தை காலியாக இருந்தது.

காத்திருந்தான். "வருவான்" என்றான் அவர்களிடம். "நல்லாப் பேசுவான். பாருங்களேன், சிரிச்சு வயிறு வலிச்சிடும்." தன் குரல் அறையில் எங்கும் மோதாமல் பனியில் அமிழ்ந்துபோவதைக் கேட்டான். வெட்டுக்கிளிக் கதையைச் சொல்லிப் பார்த்தான். நக்லே சொன்னதுபோல வரவில்லை. பாதியில் மறந்துபோனது. நிறுத்தினான்.

நிறுத்தியும் தலைகள் சாய்ந்தே இருந்தன.

அப்போதுதான் கவனித்தான். அவன் பேசாதபோதும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனை அல்ல. யாருடைய கண்ணும் அவன்மேல் இல்லை. எல்லாக் கண்ணும் அவன் தலைக்கு மேலே, அவனுக்குப் பின்னால், எதையோ பார்த்திருந்தன.

பின்னால் சமையலறை. அங்கே ஒரு சத்தம்.

சரக்.

தோல் வாரில் கத்தி தீட்டும் சத்தம். நிதானமாக, அவசரமில்லாத கை.

சரக். சரக்.

"நக்லே?"

நின்றது.

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும் ஓசை. பிறகு வெறுங்கால்கள். கல் தரையில் ஒட்டி, விட்டு, ஒட்டி. வாசலுக்கு வந்தன. அவன் முதுகுக்குப் பின்னால் வந்தன. நின்றன. வெள்ளைச் சட்டையின் ஈர விளிம்பு அவன் தோளைத் தொட்டது.

திரும்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

"ஏதாவது பேசு" என்றான். "நக்லே. ஏதாவது."

மேலே மூச்சு இல்லை. சிரிப்பு இல்லை. ஒன்றுமில்லை.

பிறகு ஒரு கை அவன் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. விரல்கள் விரிந்து, முடிக்குள் நுழைந்து, பதமாகப் பிடித்துக்கொண்டன. இன்னொரு கை தாடைக்கடியில். பனிக்கட்டிக் குளிர். ஆனால் வலிக்கவில்லை. வலிக்காமல் பிடிக்கத் தெரிந்த கை. அது அவன் தலையை மெல்லச் சாய்த்தது. கன்னம் கழுத்தோடு சேரும் இடம் தெரிகிற அளவுக்கு. இன்னும் கொஞ்சம். காது தோளில் பட்டது. இன்னும். உள்ளே ஏதோ நரம்பு இழுபட்டு, இழுபட்டு, நின்றது. கை அங்கேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டது.

அறை சாய்ந்து தெரிந்தது. மெத்தைகள் சாய்ந்து. சட்டைகள் சாய்ந்து.

எதிரே, வக்கீலின் தலை அசைந்தது.

எலும்பு நெரியும் சின்னச் சத்தம். அவர் தலை தோளைவிட்டு எழுந்து, மெல்ல, நேராக நிமிர்ந்தது. பிறகு அண்ணனுடையது. தம்பியுடையது. அதற்கடுத்தவர். அதற்கும் அடுத்தவர். ஒவ்வொருவராக, சுவரோரம் முழுக்க, கழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது அவனைத்தான் பார்த்தார்கள்.

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார்.